சென்ஜியாகோவில் தாய்ச்சி: மெதுவாக அசைவதற்கான உழைப்பு

சீனாவின் ஹெனான் மாகாணத்தில், மஞ்சள் ஆற்றுக்கு வடக்கே, வென் வட்டத்தில் இருக்கும் சென்ஜியாகோ என்ற ஊருக்கு, மெதுவான அசைவுகளால் அறியப்படும் சீனப் போர்க்கலையான தாய்ச்சி கற்கப் போகிறேன் என்று சொன்னபோது, தெரிந்தவர்களில் பாதிப் பேர் "உடம்புக்கு என்ன, முழங்கால் வலியா?" என்று கேட்டார்கள், மீதிப் பேர் "போதிதர்மர் இருந்த இடத்துக்கா?" என்று கேட்டார்கள். இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில். முழங்கால் வலி, அங்கே போன வெளிநாட்டவர்களில் பலருக்குப் போன பிறகுதான் வந்தது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். போதிதர்மர் விஷயத்தை முதலிலேயே பேசி முடித்துவிடலாம்.

அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஷாவ்லின் மடமும் ஹெனான் மாகாணத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது ஆற்றுக்குத் தெற்கே, சோங் மலைப் பகுதியில் இருக்கிறது. சென்ஜியாகோக்காரர்கள் தங்கள் கலையின் மூலவராகப் போதிதர்மரைச் சொல்வதில்லை. அவர் துறவிகளுக்குப் போர்க்கலை கற்பித்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் உடற்பயிற்சி நூலோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கும் அந்த நூலுக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கடந்திருந்தன. சீனப் போர்க்கலைகளின் வரலாற்றை ஆராய்ந்த தாங் ஹாவ், இந்தக் கதையையும், வூதாங் மலையில் வாழ்ந்த சாங் சான்ஃபெங் என்னும் தாவோயிசத் துறவியே, தெய்வம் கனவில் வந்து கற்பிக்க, தாய்ச்சியை உருவாக்கினார் என்னும் கதையையும் 1930-லேயே ஒருசேர மறுத்து எழுதிவிட்டார். நம்மவர்களுக்கு இது கசக்கலாம் என்று தெரியும். ஆனால் மலையும் துறவியும் கனவில் வந்து கற்பித்த தெய்வமும் கழிந்த பிறகு எஞ்சுகிற வரலாறு, எனக்கு அந்தக் கதைகளைவிடச் சுவையாக இருந்தது.

சென் குலத்தாரின் கணக்கில், இந்தக் கலையைத் தொகுத்தவர் அவர்களது ஒன்பதாம் தலைமுறையில் பிறந்த சென் வாங்திங். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் போர் அனுபவம் உள்ளவர். மிங் அரசு 1644-இல் வீழ்ந்த பிறகு ஊரோடு ஒதுங்கி, ஓய்ந்த நேரத்தில் குத்துவரிசைகளை அமைத்தும், வேலை மிகுந்த பருவத்தில் வயலை உழுதும் காலம் கழித்ததாக அவர் பெயரில் வழங்கும் பாடல் ஒன்று சொல்கிறது. அவர் எல்லாவற்றையும் புதிதாகப் படைத்ததாகவும் தோன்றவில்லை. 16ஆம் நூற்றாண்டுத் தளபதியான சி ஜிகுவாங் படைவீரர்களுக்காகத் தொகுத்த 32 நிலைகளின் பெயர்களில் கணிசமானவை சென் குடும்பத்தின் வரிசைகளிலும் வருகின்றன. அண்டையூரான சாவ்பாவ் தனக்கென வேறொரு குருபரம்பரையைச் சொல்லிக்கொள்கிறது. மூலவர் யார் என்ற வழக்கு இன்றுவரை தீர்ந்தபாடில்லை. வழக்கு எப்படி முடிந்தாலும், உழவர்களும் வணிகச் சரக்குகளுக்குக் காவலாகப் போனவர்களும் வளர்த்த சண்டைக் கலை இது என்பது, அந்த ஊரில் சில வாரங்கள் பயிற்சி செய்தாலே உடம்புக்குப் புரிந்துவிடும்.

பிறகு ஏன் உலகம் முழுவதும் இது முதியவர்களின் பூங்காப் பயிற்சியாகத் தெரிகிறது என்பதற்கும் அந்த ஊரிலேயே விடை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில், பதினான்காம் தலைமுறை ஆசானான சென் சாங்சிங், குலத்துக்கு வெளியே இருந்து வந்த யாங் லுசான் என்பவருக்கு இதைக் கற்பித்தார். ஹெபெய் மாகாணத்தின் யோங்நியன் பகுதியைச் சேர்ந்த யாங் லுசான் பின்னர் பெய்ஜிங் சென்று, அரச வட்டத்தாருக்குக் கற்பித்துப் புகழ்பெற்றார். அவருடைய பிள்ளைகளும் பேரர்களும் குதிப்பையும் வெடித்தெழும் வீச்சையும் படிப்படியாகக் குறைத்து, நிதானமான, பெரிய வீச்சுள்ள ஒரு பாணியை வளர்த்தார்கள். அந்த யாங் பாணியிலிருந்து சீன அரசின் விளையாட்டு ஆணையம் 1956-இல் 24 அசைவுகளைத் தேர்ந்து எளிய வரிசை ஒன்றை அமைத்தது. பூங்காக்களில் இன்று பெரும்பாலும் காணப்படுவது அதுதான். யாங் லுசான் கற்ற இடம் என்று ஊரில் பழைய முற்றம் ஒன்றைக் காட்டுகிறார்கள். அவர் வேலைக்காரராக இருந்து சுவருக்கு அப்பாலிருந்து திருட்டுத்தனமாகப் பார்த்துக் கற்றார் என்றும் சொல்கிறார்கள். இந்தக் கலையில் பார்த்துக் கற்பது எவ்வளவு சாத்தியம் என்பது இப்போது எனக்குத் தெரிவதால், அந்தக் கதையின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

சென்ஜியாகோவில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது, நூற்றுக்கணக்கான சிறுவர்கள் தங்கிப் பயிலும் பள்ளிகள் இருக்கின்றன, சுற்றுலாப் பேருந்துகள் நிற்க அகலமான சாலைகளும் இருக்கின்றன. அதைத் தாண்டினால் கோதுமையும் சோளமும் விளையும் வயல்கள். கடைத்தெருவின் இரைச்சலைக் கண்டு முகம் சுளிக்கும் வெளிநாட்டவர்கள் உண்டு. எனக்கு அது உறுத்தவில்லை, ஏனென்றால் அந்த இரைச்சல் இல்லாத காலத்தில் கலையே அங்கே ஒடுங்கிக் கிடந்தது. சென் ஃபாகே போன்ற பெரிய ஆசான்கள் 1920-களின் இறுதியிலேயே பெய்ஜிங்குக்குப் போய்விட்டார்கள். வெளியூர்களில் கற்பித்துவிட்டு 1958-இல் ஊர் திரும்பிய சென் சாவ்பி, பயில்வோர் அருகிப்போனதைக் கண்டு இளைஞர்களைத் திரட்டிக் கற்பிக்கத் தொடங்கினார். கலாச்சாரப் புரட்சி குறுக்கிட்ட ஆண்டுகளின் தொல்லைகளையும் தாண்டி, 1972-இல் இறக்கும்வரை அவர் தயாரித்த தலைமுறைதான் பின்னாளில் உலகெங்கும் சென்றது. அவர்களில் ஒருவரான சென் சியாவ்வாங் 1990-இல் ஆஸ்திரேலியாவுக்கே குடிபெயர்ந்தார். என் ஆசிரியர் அந்தத் தலைமுறையிடம் கற்றவர்களில் ஒருவர்.

முதல் பாடம் நிற்பது. பாதங்களைத் தோளளவுக்கு விரித்து, முழங்கால்களைச் சற்று மடக்கி, கைகளை மார்புக்கு எதிரே வட்டமாகப் பிடித்து, அப்படியே நிற்க வேண்டும். பார்ப்பவருக்கு இதில் ஒன்றுமே நடப்பதாகத் தெரியாது. நிற்பவருக்குச் சில நிமிடங்களில் தொடை எரியத் தொடங்கும், பிறகு நடுங்கும். அந்த நடுக்கத்திலிருந்து தப்பிக்க உடம்பு செய்யும் தில்லுமுல்லுகள் கொஞ்சமல்ல: முதுகைப் பின்னால் சாய்க்கும், புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளும், மூச்சைப் பிடித்துத் தோளை உயர்த்தும், எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குக் களவாக மாற்றும். முதல் குளிர்காலத்தில், வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருந்த காலைகளில், கை விரல்கள் மரத்துப்போயிருக்கும்போதே நெற்றியில் வியர்வை அரும்புவதைக் கண்டு வியந்திருக்கிறேன்.

ஆசிரியர் அதிகம் பேசமாட்டார். பின்னால் வந்து நின்று, தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் இரண்டு விரல்களை வைத்து உள்நோக்கி அழுத்துவார். மறு கையால் கீழ்முதுகைத் தடவி வளைவை எடுத்துவிடுவார். உயர்ந்திருக்கும் தோளை ஒரு விரலால் தொட்டு இறக்குவார். மொத்தத்தில் நிலை இரண்டு அங்குலம்கூட மாறியிருக்காது. ஆனால் அதுவரை முதுகும் இடுப்பும் பங்கிட்டுச் சுமந்துகொண்டிருந்த எடை முழுவதும், யாரோ ஒரு தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாற்போல, தொடைகளுக்குள் இறங்கிவிடும். அவர் கையை எடுத்ததும் உடம்பு பழைய இடத்துக்கே நழுவும்; அவர் சிரித்துக்கொண்டு மறுபடியும் கையை வைப்பார். நாள் முழுவதும் அவர் வாயிலிருந்து அதிகமாக வந்த சொல் 'ஃபாங்சோங்', அதாவது தளர்த்து. தொடை தீப்பிடித்ததுபோல் எரியும்போது எதைத் தளர்த்துவது என்பதுதான் எங்கள் எல்லோருடைய கேள்வியாகவும் இருந்தது. தளர்த்த வேண்டியது தொடையை அல்ல, தொடைக்கு உதவுவதாக எண்ணி இறுகிக்கொள்ளும் மற்ற எல்லாவற்றையும் என்பது, சொல்லால் அல்லாமல் அந்த விரல்களின் வழியாகவே மெல்லப் பிடிபட்டது.

மொழி தெரியாதது நான் அஞ்சிய அளவுக்குத் தடையாக இருக்கவில்லை. எண்கள், இடம், வலம், இடுப்பு, தோள், எடை என்ற அளவுக்கு மாண்டரின் இருந்தால் வகுப்பு ஓடிவிடும். எங்களோடு பயின்ற ஐரோப்பியர் ஒருவர் மாண்டரின் சரளமாகப் பேசுவார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் கேட்பார், விடையை நோட்டில் எழுதிக்கொள்வார். நோட்டு தடித்துக்கொண்டே போனதே தவிர, அவருடைய இடுப்பு இறங்கவில்லை. அவரைக் குறைகூறுவதாக எண்ண வேண்டாம். நடுவயதில் கற்க வரும் வெளிநாட்டவர்களாகிய எங்கள் எல்லோருக்கும், முதலில் விளங்கிக்கொண்டு பிறகு செய்வதுதான் பழக்கம். ஊர்ச் சிறுவர்களோ எதையும் விளங்கிக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் செய்துவிட்டு, பின்னொரு நாளில் விளங்கிக்கொள்கிறார்கள்.

வெளிநாட்டவர்கள் சுமந்து வரும் இன்னொரு மூட்டை, உயிராற்றல் பற்றிய எதிர்பார்ப்பு. உள்ளங்கை சூடாவது, விரல் நுனி கூசுவது, அடிவயிற்றில் ஏதோ சுழல்வது என்று மாலைநேரப் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே இருக்கும். அதைப் பற்றிக் கேட்டால் ஆசிரியர் மறுக்கமாட்டார், பேச்சை வளர்க்கவும் மாட்டார். கேட்டவரின் காலை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னும் தாழ நிற்கச் சொல்வார். நான் அங்கே கண்டதை விளக்க எந்த மறைபொருளும் தேவைப்படவில்லை. விசை பாதத்தில் தொடங்குகிறது. கால் அதைத் தருகிறது. இடுப்பு திசை காட்டுகிறது. முதுகு வழியாகக் கைக்கு வருகிறது. வழியில் ஏதேனும் ஒரு மூட்டு இறுகியிருந்தாலோ, முந்திக்கொண்டு தனியாக அசைந்தாலோ, விசை அங்கேயே அறுந்துவிடும். மெதுவாகச் செய்வதன் காரணமும் இதுதான். வேகமாக வீசும்போது, வீச்சின் உந்துதலே குறைகளை மூடி மறைத்துவிடும். மெதுவாகச் செய்யும்போது, எந்த இடத்தில் தோள் முந்துகிறது, எந்த இடத்தில் எடை நிலைதடுமாறுகிறது என்பது செய்பவருக்கே தெரிந்துவிடும். சென் பாணியின் அடித்தளமான பட்டு நூற்கும் பயிற்சி, ஒரு கையால் வட்டமிடுவது என்று பார்வைக்கு மிக எளியது. அதில் கை தானாக ஒரு விரல்கடைகூட நகரக்கூடாது, இடுப்பு திரும்புவதால் மட்டுமே நகர வேண்டும் என்ற விதியைச் சேர்த்த பிறகு, காலை முழுவதும் அதிலேயே போய்விடும்.

இதற்கெல்லாம் பிறகுதான் வரிசை. சென் பாணியின் பழைய வடிவமான 'பழைய சட்டகத்தின்' முதல் வரிசையில், எண்ணும் முறையைப் பொறுத்து, 74 அல்லது 75 அசைவுகள் இருக்கின்றன. தொடக்கத்திலேயே வருவது வஜ்ரவீரன் உரலில் இடிக்கும் அசைவு. வலது முழங்காலும் வலது கை முஷ்டியும் சேர்ந்து உயர்ந்து, பாதம் தரையைத் தட்டும் அதே நொடியில் முஷ்டி இடது உள்ளங்கையில் வந்து விழ வேண்டும். புதியவர்கள் தரையை உதைப்பார்கள். ஒலி சப்பென்று, மேலோட்டமாகக் கேட்கும், உதைத்த அதிர்வு முழங்கால் வழியாக முதுகுக்கே திரும்பும். தேர்ந்தவர்கள் உதைப்பதில்லை. உடம்பு முழுவதையும் தளரவிட்டுக் காலைக் கீழே விழவிடுகிறார்கள்; ஒலி கனமாக, தரைக்குள் இறங்குவதாகக் கேட்கும். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாருடனோ பேசிக்கொண்டிருக்கும்போதே, ஆசிரியர் அந்த ஒலியை மட்டும் கேட்டு, திரும்பாமலே கையை ஆட்டி "மறுபடியும்" என்பார்.

இனி முழங்கால். தாய்ச்சி மூட்டுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு வருபவர்களில் சிலர் நொண்டிக்கொண்டே திரும்புவதை நானே பார்த்திருக்கிறேன். காரணம் கலையில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. தாழ்ந்த நிலையில் உடம்பைத் திருப்ப வேண்டிய இடம் இடுப்பு மூட்டு. அது இறுகிக் கிடந்தால், திருப்பத்தை முழங்கால் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் முழங்கால் முதன்மையாக மடங்கவும் நீளவும் அமைந்த மூட்டு. எடையைச் சுமந்தபடி முறுக்கப்படுவதை அது நெடுநாள் பொறுக்காது. முழங்கால் எப்போதும் பாதத்தின் திசையையே நோக்க வேண்டும், உள்ளே சாயவும் கூடாது, விரல்களைத் தாண்டி முன்னே போகவும் கூடாது என்பதை ஆசிரியர் தினமும் சொல்வார். ஒற்றைச் சாட்டை என்னும் அசைவில், கால்களை அகல விரித்து எடையை இடப்புறம் மாற்றும்போதுதான் இந்த விதி அதிகம் மீறப்படுகிறது. கை நீளும் அழகில் மனம் போய்விடும், வலது முழங்கால் சத்தமில்லாமல் உள்ளே விழுந்திருக்கும். ஊர்க்காரர்கள் வாசலில் குந்தியமர்ந்து, கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி நூடுல்ஸ் சாப்பிடுவதைப் பார்க்கும்போது, அவர்களுக்கு இடுப்பு ஏன் அவ்வளவு எளிதில் திறக்கிறது என்பது விளங்கும். நாற்காலியிலேயே பாதி வாழ்நாளைக் கழித்தவர்கள் உயர்ந்த நிலையிலேயே தொடங்கி, மெல்ல இறங்குவதுதான் நல்லது. தாழ நிற்பது புகைப்படத்துக்கு அழகு, அவ்வளவே.

இருவர் எதிரெதிரே நின்று கைகளை ஒட்டிக்கொண்டு தள்ளும் பயிற்சியில்தான், இத்தனை உழைப்பும் எதற்கு என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. பள்ளியில் பயிலும் ஒரு சிறுவன், என் தோளுயரம்கூட இல்லாதவன், என்னை "மாமா" என்ற பொருளில் மரியாதையாக அழைத்துவிட்டு, மணிக்கட்டை என் மணிக்கட்டில் வைத்தான். அவன் கையில் எடையே இல்லை. தூசி ஒட்டியிருப்பதைப்போலத்தான் உணர்ந்தேன். நான் தள்ளினேன். தள்ளிய இடத்தில் அவன் இல்லை, ஆனால் கை மட்டும் விலகாமல் ஒட்டிக்கொண்டே இருந்தது. முன்னே சாய்ந்துவிட்டதை உணர்ந்து நான் பின்வாங்கிய அதே கணத்தில், என் பின்வாங்கலோடு சேர்ந்து அவனும் வந்தான். இரண்டடி தள்ளிப்போய் விழுந்தேன். அவன் பலத்தை எங்குமே பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. பிறகு அவன் கால்களைக் கவனித்தேன்: தொடை இரண்டும் அந்த வயதுக்குப் பொருந்தாத அளவுக்குத் திரண்டிருந்தன. மேலே அத்தனை மென்மை சாத்தியப்படுவதற்கு, கீழே அத்தனை உறுதி இருக்க வேண்டியிருக்கிறது. மென்மையை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துப் பழக நினைக்கும் வகுப்புகள் உலகமெங்கும் நடக்கின்றன. அவற்றால் உடலுக்குக் கேடில்லை, ஆனால் அந்தச் சிறுவனிடம் இருந்தது அங்கே கிடைக்காது என்பது என் எண்ணம்.

சீடராவது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். முறைப்படி மண்டியிட்டு வணங்கி, தேநீர் கொடுத்து, குருவின் குடும்பத்தில் ஒருவராகச் சேரும் சடங்கு இன்றும் இருக்கிறது. அது இரு தரப்பையும் வாழ்நாள் முழுவதும் கட்டுப்படுத்தும் உறவு. ஓரிரு மாதங்களில் அந்தச் சடங்கை முடித்து, சான்றிதழோடு வெளிநாட்டவர்களை அனுப்பிவைக்கும் இடங்களும் இருக்கின்றன. அப்படிச் சான்றிதழ் வாங்கியவர்கள் திரும்பிப்போய்த் தம்மை இன்னாரின் நேரடிச் சீடர் என்று பலகை மாட்டிக்கொள்வதைப் பார்க்கும்போது, விற்றவரைவிட வாங்கியவர் மேல்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. நான் மாணவராக மட்டுமே இருக்கிறேன். என் ஆசிரியர் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

இதே பழைய சட்டகத்தில் பீரங்கிக் குத்து எனப்படும் இரண்டாம் வரிசை ஒன்று இருக்கிறது. குதிப்பும், திடீர்த் திருப்பமும், ஒரு நொடியில் வெடித்தெழும் குத்துகளும் நிறைந்தது. யாங் பாணி கைவிட்டுப்போன முகம் அதில் அப்படியே இருக்கிறது. இளைஞர்கள் அதைச் செய்யும்போது தரை அதிரும், சட்டைத் துணி படீரென்று ஒலிக்கும். வருகிற வெளிநாட்டவர்கள் எல்லோருக்கும் அதன் மேல்தான் கண். முதல் வரிசையில் உடம்பு ஒன்றாகச் சேராதவர்கள் அதைச் செய்தால், கையால் வீசி முதுகால் வாங்கிக்கொள்ள நேரிடும். ஆதலால் பெரும்பாலான ஆசிரியர்கள் அதை எளிதில் தொடங்கிவைப்பதில்லை. ஊரில் ஒருவர் அதற்காகப் பணமும் வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்தில் முழுவதையும் காட்டிவிட்டார் என்றும், கற்றவர் இப்போது முதுகுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் கேள்வி.

2020 டிசம்பரில் யுனெஸ்கோ தாய்ச்சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த பிறகு, போவது எப்படி என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். மாகாணத் தலைநகரான ஜெங்ஜோ வரை விமானமோ விரைவு ரயிலோ இருக்கிறது, அங்கிருந்து சாலை வழி. ஜனவரிக் குளிரும் ஜூலை வெயிலும் கடுமையானவை. வசந்த காலமும், சோள அறுவடையை ஒட்டிய இலையுதிர் காலமும் புதியவர்களுக்கு ஏற்றவை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று முழுவதும் பாருங்கள். ஆசிரியர் முன்னால் நின்று செய்துகாட்டிக்கொண்டே போகிறாரா, வரிசைக்குள் நடந்து ஒவ்வொருவரையும் கைவைத்துத் திருத்துகிறாரா என்பதை மட்டும் கவனித்தால் போதும். இரண்டாமவரிடம் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், கூட்டம் நிறைந்திருந்தாலும், அங்கேயே சேருங்கள்.